கம்பி மேல் தப்பில்லை

கதவு திறக்காத காருக்குக் கம்பி எதற்கு? இந்தக் கேள்வியை என் மச்சினனிடம் நான் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவனும் அலுக்காமல் பதில் சொல்வான். கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம், முதலில் வண்டியின் உடம்பைக் கெட்டிப்படுத்த வேண்டுமாம். நான் சக்கரமும் சஸ்பென்ஷனும் பார்த்தே சோறு தின்கிறவன். அவன் அலுவலக நாற்காலி விற்கிறவன். இருந்தாலும் வண்டியைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துவது அவன்தான். பெண்டாட்டியின் தம்பியாயிற்றே, பட்டறையை விட்டுத் துரத்தவா முடியும்?

கம்பி விஷயத்தில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காரின் முன்மூடியைத் திறந்தால் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு மேடு தெரியும். சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் அந்த மேட்டில்தான் வந்து முட்டி நிற்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் அந்த இரண்டு மேடும் மயிரிழை அளவு நகரும். நடுவே குறுக்காக ஒரு கம்பியைப் போட்டு முடுக்கிவிட்டால், ஆடுகிற மேசைக்குச் சட்டம் அடித்ததுபோல வண்டி கெட்டிப்படும். பந்தயம் ஓட்டுகிறவனுக்கு அது வேண்டியதுதான். முழங்கால் ஆபரேஷன் ஆன அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவனுக்கு எதற்கு?

அந்த அம்மாதான் என் மாமியார். ஒரு முட்டியை எடுத்துவிட்டுப் புது முட்டி வைத்திருந்தார்கள். வைத்தது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கால் மடங்கவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை வந்து பயிற்சி செய்யுங்கள், விட்டுவிட்டால் உள்ளே இறுகிப்போகும், அப்புறம் மயக்கம் கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிற பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். முதல் இரண்டு தடவை அத்தை போனார். அதற்குப் பிறகு மகனுடைய காரில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

என்னிடம் இருப்பது பழுதான வண்டிகளை இழுத்துவரும் லாரி. அதன் படியில் ஏறுவதற்கு நல்ல முட்டி இரண்டும் வேண்டும். வாடகைக் கார் வைக்கலாம் என்றால் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளை வாசலில் காரை நிறுத்தி வைத்திருக்கும்போது தான் வாடகைக் காரில் போனால் அவன் முகம் என்ன ஆகும் என்றார். அவன் காரில் ஏறவும் மாட்டார், வாடகைக் காரில் போய் அவனை அவமானப்படுத்தவும் மாட்டார். நடுவில் கால் இறுகிக்கொண்டிருந்தது.

ஏன் ஏற மாட்டேன் என்கிறார் என்று கேட்டதற்கு முதலில் சொன்ன காரணம், வளைவில் வண்டி சாய்கிறது, தலை சுற்றுகிறது என்பது. சரி, ஷாக் அப்சார்பர் வயசானது, அதை மாற்றுவோம், கையோடு அந்தப் பின்கதவுப் பூட்டையும் மாற்றிவிடுவோம் என்றேன். காரின் பின்கதவு ஒன்று எப்போதோ ஒருவன் வந்து இடித்ததிலிருந்து திறப்பதே இல்லை. பூட்டு உள்ளே மாட்டிக்கொண்டது. பின்சீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கதவு வழியாகத்தான் போய் வர வேண்டும். மச்சினனோ நான் சொன்ன இரண்டையும் காதில் வாங்காமல் போய், அடுத்த ஞாயிறு ஒரு நீளமான அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே சிவப்பு வண்ணம் அடித்த கம்பி. வீடியோவில் பார்த்தானாம்.

மாட்டிக்கொடுத்தேன். நான் மாட்டாவிட்டால் வேறு யாரிடமாவது போய் வெல்டிங்கே வைத்துக்கொண்டு வருவான். மாட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், வண்டியின் மூக்கு சொன்ன பக்கம் உடனே திரும்பியது. அவனுக்கு வாயெல்லாம் பல். ரவுண்டானாவில் முன்பு எந்த வேகத்தில் திரும்புவானோ அதைவிடக் கூடுதலாகத் திரும்பிக் காட்டினான். அப்பா மட்டும் இப்போது இருந்திருந்தால் இந்த வண்டியைப் பின்னியெடுத்திருப்பார், அவர் மாதிரி ஓட்ட இன்னொருவன் பிறக்க வேண்டும் என்று சொன்னான். என் மாமனாரைப் பற்றி எது பேசினாலும் அவனுக்குக் குரல் கம்மிவிடும். எனக்கும் கம்மும், வேறு காரணத்துக்காக. மாப்பிள்ளை முறுக்கில் அவரோடு ஒரே ஒரு தடவை முன்சீட்டில் போயிருக்கிறேன்.

அந்தச் சிவப்புக் கம்பியை நம்பி அத்தை ஒரு நாள் ஏறினார். திரும்பி வந்து, இப்போது பின்னால் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றார். அடுத்த ஞாயிறு பின்பக்கக் கம்பி வந்தது. அதை டிக்கிக்குள் குறுக்கே மாட்ட வேண்டும். மாட்டி முடித்த பிறகுதான் அத்தை பிடித்து நடக்கிற வாக்கர் டிக்கிக்குள் போகாது என்பது தெரிந்தது. நடக்க முடியாத அம்மாவுக்காக வண்டியைச் சரிசெய்கிறான், அதில் அம்மா நடப்பதற்கான சாமானுக்கு இடம் இல்லை. நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். வாக்கரைப் பின்சீட்டில் அம்மா பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் மாமா, அந்தக் கதவுதான் எப்படியும் திறக்காதே என்று அவன் சமாதானம் சொன்னான்.

அன்றைக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்கதவுக்கு மேலே, உட்காருகிறவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்குமே, அது ஒரு பக்கம் கழன்று தொங்கியது. முடுக்கிவிட்டேன். அடுத்த முறை வந்தபோது மறுபடியும் தொங்கியது. மட்டமான பிளாஸ்டிக் என்று திட்டிக்கொண்டே மறுபடியும் முடுக்கினேன்.

பின்பக்கக் கம்பிக்கு அப்புறம் அத்தை சொன்னது, அடியில் ஏதோ சத்தம் வருகிறது. மச்சினன் அடிப்பக்கத்துக்கு ஒரு கம்பி வாங்கினான். பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிற கதை இதுதான். என் மனைவி தினமும் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுக் காலை மடக்கினாயா என்று கேட்பாள். மடக்கினேன் என்று அவர் சொல்வது பொய் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஒரு நாள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவன் கொண்டுவர்ற ஒவ்வொரு கம்பியையும் நீங்கதான மாட்டிக் குடுக்குறீங்க. எங்கம்மா கால் மடங்காமப் போச்சுன்னா அதுல உங்களுக்கும் பங்கு உண்டு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இனிமேல் கம்பி என்று எவன் வந்தாலும் பட்டறைக் கதவைச் சாத்திவிடுவேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம்தான் வினையாகப் போயிற்று. அடிக்கம்பியை நான் மாட்ட மறுத்ததும், அவனே மாட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். போகிறவனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன். சமதரையில் நிறுத்து, நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும், வண்டியின் பாரம் முழுக்க இறங்கின பிறகுதான் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கிவைத்து முடுக்கினால் வண்டி எப்படி முறுக்கிக்கொண்டு நிற்கிறதோ அதே கோணலோடு கம்பி அதைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். சரி மாமா, சரி மாமா என்றான். அந்தச் 'சரி மாமா'வை எனக்குத் தெரியும். செவிடன் காதில் ஊதின சங்கு.

அவன் வீட்டு வாசல் சரிவானது. அந்தச் சரிவிலேயே, ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கிவைத்து, அடியில் புகுந்து பலம்கொண்ட மட்டும் முடுக்கியிருக்கிறான். பழைய வண்டி, ஒரு தடவை இடி வாங்கித் தட்டி நிமிர்த்தின உடம்பு. கேட்கவா வேண்டும்?

மறுநாள் பயிற்சி. இன்றைக்கு வராவிட்டால் டாக்டரிடமே சொல்லிவிடுகிறேன், மயக்கம் கொடுத்து மடக்குகிற ஏற்பாட்டை அவர் பார்க்கட்டும் என்று பயிற்சிப் பெண் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா வண்டியில் ஏறுவதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பினாள். நானும் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அத்தையிடம் சொல்லச் சாக்கு தீர்ந்துபோயிருந்தது. சாய்கிறது என்றார், கம்பி வந்தது. தூக்கிப்போடுகிறது என்றார், கம்பி வந்தது. சத்தம் என்றார், அதற்கும் வந்துவிட்டது. என்னைப் பார்த்து "வாங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பலிக்குப் போகிறவர் மாதிரி மெல்ல நடந்து போய்ப் பின்சீட்டில் ஏறினார். கதவு லேசில் சாத்தவில்லை. மச்சினன் இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்தினான். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் ஏறின அத்தையை இறக்கினால் மறுபடி ஏற்ற முடியாது, அதனால் வாயை மூடிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

அவன் ஓட்டினான். மூன்று கம்பி போட்ட வண்டிபோல ஓட்டினான். ரவுண்டானாவில் பிரேக்கைத் தொடவே இல்லை. குறுக்கே வந்த பைக் ஓட்டியவனின் வம்சத்தை இழுத்துத் திட்டினான். முன்னால் மெதுவாகப் போன கிழவரின் காருக்குப் பின்னால் ஹாரனில் கை வைத்தவன் அவர் ஒதுங்கும் வரை எடுக்கவில்லை. நடுநடுவே "பாருங்க மாமா, ஆடுதா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டான். ஆடவில்லைதான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரி முகப்பு சமதரை. அங்கே கொண்டுபோய் அழகாக நிறுத்திவிட்டு, இறங்கிப் பின்கதவைத் திறக்கப் போனான். திறக்கவில்லை.

இழுத்தான். நான் இழுத்தேன். உள்ளிருந்து அத்தையைத் தள்ளச் சொன்னோம். கதவு அசையவே இல்லை. சரிவில் ஒரு மாதிரி நின்ற வண்டி சமதரைக்கு வந்ததும் இன்னொரு மாதிரி முறுக்கிக்கொண்டது, கதவின் ஓரம் சட்டத்தில் போய்ப் பல்லைப்போலக் கடித்துக்கொண்டது. மறுபக்கக் கதவுதான் ஊரறிந்த திறக்காத கதவு. முன்சீட்டு வழியாக ஏறித் தாண்டி வர முட்டி மடங்க வேண்டும், மடங்காததற்குத்தான் வந்திருக்கிறோம். காவலாளி வந்து வண்டியை எடுங்கள், ஆம்புலன்ஸ் வரும் வழி என்றார். மச்சினன் கடப்பாரை கிடைக்குமா என்று அவரிடமே கேட்டான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவன் தலையில்.

வண்டியை ஓரத்துக்கு எடுக்கச் சொல்லிவிட்டு, டிக்கியில் இருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, நல்ல சட்டையோடு மல்லாந்து காருக்கு அடியில் போனேன். அவன் முடுக்கியிருந்த முடுக்குக்கு ஸ்பேனர் வளைய வேண்டும். முதல் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தரைத்தகட்டுக்கு மேலே அத்தையின் குரல் கேட்டது. பின்சன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தார். மச்சினனுடைய செருப்புக் கால்கள் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தன.

தப்பெல்லாம் தன்மேல்தான், எல்லாக் கம்பியையும் கழற்றிப் போட்டுவிடுகிறேன் என்று அவன் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கம்பி மேல தப்பில்ல தம்பி," என்றார் அத்தை. "நீ உங்கப்பா மாதிரியே ஓட்டுற."

"அப்பா மாதிரி யாரும்மா ஓட்ட முடியும்?" என்றான் அவன். அந்த நிலைமையிலும் அவன் குரலில் ஒரு பூரிப்பு. பாவி, பாராட்டு என்று நினைத்துவிட்டான். நான் ஸ்பேனரை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

அத்தை கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். பிறகு சொன்னார்.

"அவரு வண்டி ஓட்டுன காலம் பூரா நான் பின்னால இதே மாதிரி ஒரு கைப்பிடியத் தொங்கிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். முன்னால உக்காந்தா ரோடு தெரியும்னுதான் பின்னாலயே உக்காந்தேன். மெதுவாப் போங்கன்னு ஒரு நாள் சொன்னேன். அன்னிக்கு இன்னும் வேகமாப் போனாரு. அப்புறம் நான் சொல்லல. அவரு போனப்போ அழுதேன், நெசமாத்தான் அழுதேன். ஆனா இனிமே அந்த வண்டியில ஏற வேண்டாம்னு ஒரு நிம்மதியும் இருந்துச்சு. உங்கிட்ட இத எப்படிடா சொல்லுவேன்? நீ அவரத் தெய்வமா வச்சிருக்க."

செருப்புக் கால்கள் நகரவில்லை.

"நீ திரும்புறப்ப எல்லாம் என் காலு தானா பிரேக்க மிதிக்குது. ஆபரேஷன் பண்ணுன காலு. இங்க வந்து அந்தப் பொண்ணு மடக்கி விடுறத, வீட்டுக்குப் போறதுக்குள்ள நான் மிதிச்சு மிதிச்சுக் கெடுத்துக்குறேன். எனக்குப் பயமா இருக்குடா. பயந்துக்கிட்டு உக்கார இனிமே எனக்குத் தெம்பு இல்ல."

நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வண்டியைத்தான் பார்த்தேன். கைப்பிடியை இரண்டு தடவை முடுக்கியும் அது ஏன் கழல்கிறது என்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் வண்டி இன்னும் நன்றாகத் திரும்பியது, நன்றாகத் திரும்பியதால் இவன் இன்னும் வேகமாகத் திருப்பினான், அந்த அம்மா இன்னும் இறுக்கமாகத் தொங்கியிருக்கிறார். அடியில் கிடப்பவனுக்கு அழுதால் துடைக்கக்கூட வழியில்லை, இரண்டு கையிலும் கிரீஸ். கோபத்தையெல்லாம் சேர்த்து ஸ்பேனரை ஒரு இழுப்பு இழுத்தேன். போல்ட் விட்டுக்கொடுத்தது. அடுத்ததும் கழன்றபோது வண்டி முழுவதும் 'டங்' என்று ஒரு தரம் குலுங்கி அடங்கியது. மேலே கதவு தானாகவே ஒரு விரல்கடை திறந்துகொண்டது.

வெளியே வந்தபோது மச்சினன் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினான், வாக்கரை விரித்து வைத்தான். பயிற்சிப் பெண் தாமதத்துக்குத் திட்டினாள், காலைப் பிடித்துத் தன் வேலையைக் காட்டினாள். அத்தை போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. போன தடவையைவிடக் கொஞ்சம் மடங்கியிருக்கிறது, இனிமேல் விடாமல் வந்தால் மயக்கம் கொடுக்கிற பேச்சே வேண்டாம் என்றாள். விடாமல் கூட்டி வருகிறேன் என்று மச்சினன் தலையாட்டினான். அதற்குள் நான் அந்தக் கம்பியை முழுசாகக் கழற்றி டிக்கியில் போட்டிருந்தேன்.

திரும்பும்போது நான் ஓட்டட்டுமா என்று அவனிடம் கையை நீட்டினேன். அவன் சாவியைக் கொடுக்கத்தான் வந்தான். அத்தை தடுத்தார்.

"அவனே ஓட்டட்டும் மாப்பிள்ளை."

சொல்லிவிட்டு முன்கதவைத் தானே திறந்து, சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளச் சொல்லி, காலை நீட்டி உட்கார்ந்தார். நான் பின்னால் வாக்கரோடு வாக்கராக உட்கார்ந்தேன்.

அவன் ஓட்டின அழகைச் சொல்ல வேண்டும். மாட்டுவண்டி முந்திக்கொண்டு போயிருக்கும். ரவுண்டானாவுக்கு இன்னும் வெகு தூரம் இருக்கும்போதே பிரேக் போட்டான். பின்னால் வருகிறவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள், சன்னலுக்கு வெளியே கையை நீட்டி என்னென்னவோ கேட்டார்கள். அவன் காது சிவந்ததே தவிரத் திரும்பவில்லை. எனக்குத்தான் எரிச்சல் தாங்கவில்லை. ஒரேயடியாக இப்படியுமா ஒருவன் திருந்துவான்? சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் ஒரு வேன், சிக்னல் எதுவும் காட்டாமல், சந்திலிருந்து சடாரென்று குறுக்கே பாய்ந்தது. மச்சினன் பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்றது. அவன் வாய் திறந்தது, முதல் எழுத்துகூட வந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தான். அத்தையின் இரண்டு கையும் மடியில் இருந்த பையின் மேலேயே இருந்தன. அவன் வாயை மூடிக்கொண்டான். வேன்காரனுக்கு வழிவிட்டுக் கையைக்கூடக் காட்டினான்.

பயத்தில் கைப்பிடியைத் தாவிப் பிடித்தது நான்தான். அது மொத்தமாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. திருகாணிகள் உருண்டு எங்கேயோ போயின.

கண்ணாடியில் மச்சினன் என்னைப் பார்த்தான். பழைய வெளிச்சம் அவன் கண்ணில் லேசாகத் திரும்பியது.

"விடுங்க மாமா. அதுக்கு அலுமினியத்துல கெட்டியா ஒண்ணு வருது. வர்ற ஞாயித்துக்கிழமை—"

நான் வாய் திறப்பதற்குள் அத்தை ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது வேண்டாம் தம்பி. நீ இப்படியே ஓட்டு. மாப்பிள்ளைக்கு அந்தத் தொறக்காத கதவோட பூட்ட மட்டும் வாங்கிக் குடு."